பூஜையில் வைத்த பெல்ட்

அத்தியாயம் 14

அஷ்டமி சாயங்காலம் பூஜைத் தட்டில் நான்கு பொருள்கள் வைத்தார்கள். தசமி காலையில் எடுக்கப் போனபோது மூன்றுதான் இருந்தன.

மூத்தவர் ராமரின் மூட்டைக் கொக்கி இருந்தது. அவர் தம்பி ரமேஷ்பாபுவின் டெம்போ சாவி இருந்தது. ரமேஷ்பாபுவின் மனைவி ரோஜா வீட்டு வாசலில் தோசை சுட்டு விற்கிறவள். அவளுடைய தோசைத் திருப்பியும் சந்தனப் பொட்டோடு பத்திரமாக இருந்தது. ராமரின் மனைவி மூக்கம்மாள் வைத்த தையல் மெஷின் பெல்ட் மட்டும் இல்லை.

கால் மெஷினைத் தூக்கி யாரும் பூஜை அலமாரியில் வைக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் மூக்கம்மாள் மெஷினின் தோல் பெல்ட்டை மட்டும் கழற்றித் துடைத்து, வளையமாகச் சுருட்டி, சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பாள். மெஷினுக்குப் பதிலாக பெல்ட் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரும். சாத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் இதெல்லாம் ஒரு நாள் கூத்து. கொச்சிக்கு வந்த இருபத்துநாலு வருஷத்தில், அஷ்டமிக்கு வைத்துத் தசமிக்கு எடுக்கும் இந்த ஊர் வழக்கம் ஒட்டிக்கொண்டது.

மூக்கம்மாள் படத்துக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவல் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள்.

"ஏ ரோஜா, இங்க வச்ச பெல்ட் எங்க?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"வாடின பூவையெல்லாம் யாரு அள்ளுனா?"

"நாந்தான். விடியக்காலமே அள்ளிட்டுப் போயி வாய்க்கால்ல போட்டேன். மகாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணுமேன்னு..."

அவ்வளவுதான். மூக்கம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

ஓணத்தன்று இந்த வீட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இலை போட்டு, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது, சாம்பார் வாளியும் கையுமாக நின்று ரோஜா சொன்னாள்: "ஒக்காந்து திங்கிற வயிறு ரெண்டு இந்த வீட்ல இருக்கு." எந்த ரெண்டு என்று யாரும் கேட்கவில்லை. ராமருக்கு இப்போதெல்லாம் அரிசிக் கிடங்கில் வாரத்துக்கு மூன்று நாள் சுமை கிடைத்தால் பெரிது. பிள்ளை இல்லாத மூக்கம்மாள் ஒன்பது வயதிலிருந்து சோறூட்டி வளர்த்த கொழுந்தன் ரமேஷ்பாபு, இலையை விட்டுத் தலையைத் தூக்காமல் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுச் சோறு அன்றோடு மூக்கம்மாளுக்குத் தொண்டையில் இறங்குவதை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவள்தான் அதிதி. யூதத் தெருப் பக்கம் மசாலாக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பத்துப் பெண். ஏலமும் மிளகும் போட்டு விற்க இருநூறு சுருக்குப் பை வேண்டும், விஜயதசமியன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும், மறுநாள் கப்பலில் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள் என்றாள். சொன்ன நேரத்துக்கு வந்தால் வருஷம் முழுக்க வேலை. கடைக்கு மேலே இருக்கும் அறையில் மெஷினையும் போட்டுக்கொண்டு அங்கேயே குடியிருக்கலாம்.

மூக்கம்மாள் ராமரிடம் சொன்னாள். "சரி" என்றார். அவர் எதற்குமே அப்படித்தான்.

பூஜை வைப்பதற்கு முன்பே நூற்று நாற்பது பை முடிந்துவிட்டது. மிச்சம் அறுபது. தசமி காலையில் பெல்ட்டை எடுத்து மாட்டினால் மத்தியானத்துக்குள் முடிந்துபோகிற வேலை.

"பூவோட பூவா என் பொழப்பையும் அள்ளி வாய்க்கால்ல போட்டுட்டியேடி!" என்று மூக்கம்மாள் படி இறங்கிக் கத்தினாள்.

"பூவுக்கும் பெல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத குருடியா நானு?"

"தெரிஞ்சுதானடி போட்ட!"

கொச்சங்காடிச் சந்தில் சண்டைக்குக் கூட்டம் சேர அதிக நேரம் ஆகாது. கிடங்குப் படிக்கட்டிலும் எதிர்வீட்டு ஜன்னலிலும் தலைகள் முளைத்தன. ரோஜா தன் மூன்று வயது மகள் மகாவை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தைக்கு அன்று முதல் எழுத்து எழுதும் நாள். புதுப் பட்டுப் பாவாடை, நெற்றி நிறையச் சந்தனம். அதை எல்லாம் மூக்கம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"என் வயித்துல அடிச்சவ விளங்குவியாடி நீ?"

மண் ரோஜாவின் காலடியில் விழுந்தது. கொஞ்சம் குழந்தையின் பாவாடையிலும் விழுந்தது. மகா அழத் தொடங்கினாள். ரோஜா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பாவாடையைத் தட்டிவிட்டபடி டெம்போவில் ஏறிக்கொண்டாள். ரமேஷ்பாபு மதினியின் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான்.

கூட்டம் கலைந்ததும் ராமர் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் சும்மாடு கிடந்தது, மூட்டைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்ளுகிற துண்டு வளையம். பூஜை நாளில் சும்மாடு எதற்கு என்று மூக்கம்மாளுக்கு ஒரு நொடி தோன்றியது. பழக்கதோஷம் என்று விட்டுவிட்டாள்.

"அழாத மூக்கு. பெல்ட்டுதான, வாங்கிட்டாப் போச்சு. நான் கூட வாரேன்."

அவர் கூட வருகிறேன் என்றதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. மாமியார் செத்ததற்குக்கூட அவளைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் நடந்து போனவர் அவர்.

பெல்ட் இல்லாமலும் தைக்கலாம், கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி. ஆனால் வலது கை சக்கரத்துக்குப் போய்விட்டால் துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். ஒரு பைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அறுபது பைக்கு ராத்திரியாகிவிடும். பெல்ட் வாங்குவதுதான் புத்தி என்று அவளுக்கும் பட்டது.

"ராசப்பன் சேட்டன் கடையில முதல்ல பாப்போம்" என்றாள். பழைய மெஷின்களை ரிப்பேர் செய்கிறவர். சந்து முனையைத் திரும்பினால் கடை.

"நான் காலையில பாத்தேன், பூட்டு தொங்குது. பூஜையில்ல? ஊருக்குப் போயிருப்பாரு."

சந்தின் மறுமுனை வழியாகப் பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு கடை பூட்டியிருந்தது. மூன்றாவது கடையில் இருந்த பையனுக்குக் கால் மெஷின் என்றதும் சிரிப்பு வந்தது. "இப்ப எல்லாம் மோட்டோர் அல்லே சேச்சி? தோல் பெல்ட்டு நான் கண்டிட்டே இல்லா."

"இடப்பள்ளிக்குப் போயிருவோம். அங்க பெரிய பெரிய கடையா இருக்கு. அங்க கிடைக்காததா?" என்றார் ராமர்.

"அவ்வளவு தூரமா? மணி ஒம்பதாச்சே."

"பஸ்ஸு நேரா போகுது மூக்கு. போனோம் வந்தோம்னு வந்துறலாம்."

பஸ் நேராகத்தான் போனது. ஆனால் தோப்பும்படியில் நின்று, குண்டன்னூரில் நின்று, வைற்றிலாவில் நெரிசலில் மாட்டி, ஒன்றரை மணி நேரம் போனது. ஜன்னல் ஓரம் அவளை உட்கார வைத்துவிட்டு ராமர் நின்றுகொண்டே வந்தார். வெயில் அவள் மேல் அடித்தபோது கையை நீட்டி ஜன்னல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

இடப்பள்ளியில் பெரிய கடை இருந்தது. குளிர் இருந்தது, கண்ணாடி இருந்தது, கழுத்தில் அட்டை மாட்டிய பெண் இருந்தாள். பூ வேலை செய்யும் மெஷின், பட்டன் தைக்கும் மெஷின், கம்ப்யூட்டர் வைத்த மெஷின் எல்லாம் இருந்தன. பெல்ட் என்றதும் அந்தப் பெண் இடுப்பில் கட்டும் பெல்ட் மேல் மாடியில் என்று கை காட்டினாள்.

அடுத்த கடையிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. "இன்னொரு கடை பாப்போம், இன்னொரு கடை பாப்போம்" என்று ராமர்தான் அலுக்காமல் இழுத்துக்கொண்டு போனார். மணி பதினொன்றரை ஆனபோது மூக்கம்மாள் இனி நடக்க முடியாது என்று நின்றுவிட்டாள். ரோட்டோரச் சாயாக் கடையில் அவளை உட்கார வைத்து, சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த சூடான பழம்பொரி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க சாப்பிடல?"

"எனக்குப் பசியில்ல. நீ தின்னு. காலையிலயிருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ."

கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை. பஜாரில் வேர்த்து வழிய மூட்டை தூக்கிவிட்டு வந்து, தட்டைக் காலி செய்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் மனுஷன். ஐந்து மணிக்குப் பை போய்ச் சேராது என்ற பயத்துக்கு நடுவிலும் மூக்கம்மாளுக்கு மனசு நிறைந்து வந்தது. தனிக்குடித்தனம் போனால் தினமும் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவர் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அந்த அறையில ஜன்னல் இருக்குங்க. காயல் தெரியும்" என்றாள்.

ராமர் சும்மாட்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சரி" என்றார்.

திரும்பி வந்து மட்டாஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்றே கால். சந்து முனையில் ராசப்பன் சேட்டன் கடை திறந்திருந்தது. கழற்றிப் போட்ட மெஷின் ஒன்றின் வயிற்றுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க சேட்டா?"

"எவிடன்னு? ராவிலே பூஜை எடுத்து ஏழு மணிக்குத் தொறந்நதாணு."

காலை ஏழு மணியிலிருந்தே கடை திறந்துதான் இருந்திருக்கிறது. மூக்கம்மாள் ராமரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வேற யார் கடையவோ பாத்துட்டேன் போலருக்கு" என்றார் ராமர், தலையைச் சொறிந்துகொண்டே.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு இடப்பள்ளி வரை அலைந்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள் மூக்கம்மாள். திட்டத்தான் வாய் வந்தது. பழம்பொரி வாங்கிக் கொடுத்த முகத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை.

ராசப்பன் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, சுருட்டி வைத்திருந்த தோல் பெல்ட்டை எடுத்தார். "ஒண்ணே ஒண்ணுதான். இனி திருச்சூரில்நின்னு வரணும்" என்றார். கூடவே முனைகளைச் சேர்க்கும் ஒற்றைக் கம்பிக் கொக்கியும் கொடுத்தார். முழு நீளமாக இருக்கிறது, மேலே கைச்சக்கரத்திலும் கீழே பெரிய சக்கரத்திலும் சுற்றிப் பார்த்து அடையாளம் வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், புதுத் தோல் இளகும், ஒரு விரற்கடை மட்டும் குறைத்து வெட்டு என்று இரண்டு தடவை சொன்னார். கூடினால் வெட்டலாம், குறைந்தால் ஒட்ட முடியாது என்று சிரித்தார்.

வீட்டில் மெஷினைச் சுற்றி பெல்ட்டைப் போட்டு, மூக்கம்மாள் சாக்கட்டியால் அடையாளம் வைத்தாள். கத்தரிக்கோலைக் கோட்டில் வைத்தபோது இரண்டு தடவை நழுவியது. விடிகாலையிலிருந்து அந்தப் பழம்பொரி தவிர வேறொன்றும் வயிற்றில் இல்லை.

"இங்க கொண்டா, நான் வெட்டுறேன்" என்று ராமர் வாங்கிக்கொண்டார்.

அவள் ஊசியில் நூல் கோத்துத் திரும்புவதற்குள் வெட்டியாகிவிட்டது. பெல்ட்டை மாட்டினால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி பல்லைக் காட்டியது.

"என்னங்க இது! கோடு இங்க போட்டுருக்கேன், எங்க வெட்டிருக்கீங்க?"

"அடச்சே! ரெண்டு கோடு தெரிஞ்சுது மூக்கு. கண்ணு போயிருச்சு எனக்கு. இந்தக் கைய வெட்டணும்!" என்று நெற்றியில் அறைந்துகொண்டவர், கையில் மிச்சமிருந்த பெல்ட் துண்டை ஆத்திரத்தோடு ஜன்னல் வழியாக வீசினார். அது கிடங்குக் கூரையையும் தாண்டிப் போனது.

"ஐயையோ, அத ஏங்க எறிஞ்சீங்க? ஒட்டுப் போட்டாவது..."

எறிந்தது எறிந்ததுதான். மூக்கம்மாள் சுருக்குப் பைக்கு வைத்திருந்த கயிற்றை முறுக்கி இடைவெளியில் கட்டிப் பார்த்தாள். நாலு மிதி மிதிப்பதற்குள் முடிச்சு சக்கரத்தின் பள்ளத்தில் சிக்கி அறுந்துபோனது.

மணி இரண்டேகால்.

"சரி, வாங்க. நீங்க கைச்சக்கரத்தைச் சுத்துங்க, நான் துணியைப் பிடிக்கேன். ரெண்டு பேரா செஞ்சா முடிச்சுறலாம்."

ராமர் உட்கார்ந்தார். முன்பக்கம் சுற்ற வேண்டிய சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றினார். நூல் சிக்கியது. சிக்கெடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் பின்பக்கம் சுற்றினார். ஊசி 'டப்' என்று ஒடிந்தது.

"எனக்கு இதெல்லாம் வராது மூக்கு. மூட்டை தூக்குன கை" என்று எழுந்தவர், சும்மாட்டை ஆணியில் மாட்டினார். "ஒரு சாயா குடிச்சிட்டு வாரேன், தல வலிக்குது."

அவர் படி இறங்கிப் போன சத்தம் கேட்டது. மூக்கம்மாள் வேறு ஊசியை மாட்டினாள். ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுற்றி ஒரு பை தைத்தாள். இன்னொன்று தைத்தாள். மூன்றாவது பையில் தையல் பாம்பு மாதிரி நெளிந்து போனது. அதைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாய்விட்டு அழுதாள்.

"தள்ளு."

வாசலில் ரோஜா நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, மெஷினின் வலதுபக்கம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கைச்சக்கரத்தில் கையை வைத்தாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள் மூக்கம்மாள்.

"உனக்காகச் செய்யல. பாசத்துல வந்தேன்னு நெனச்சுக்கிராத. எந்தப் பக்கம் சுத்தணும், சொல்லு."

"...முன்பக்கம்."

ரோஜா சுற்றினாள். சீராகச் சுற்றினாள். தினமும் இரண்டு குடம் மாவாட்டுகிற கை. மூக்கம்மாள் இரண்டு கையாலும் துணியைப் பிடித்து நகர்த்தினாள். ஒரு பை முடிந்தது, இரண்டு முடிந்தது, பத்து முடிந்தது. கீழே சந்தில் யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபதாவது பையில் ரோஜா வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. நான் எதுக்கு உன் பெல்ட்ட எறியணும்?"

மூக்கம்மாள் அடுத்த துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"நீ இந்த வீட்ட விட்டுப் போகணும்னு வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போடுறவ நான். ஆமா, மறைக்கல. ரெண்டு ரூமுல ஆறு பேரு, எம் புள்ளைங்க கால நீட்டிப் படுக்க எடமில்ல. நீ தச்சு முடிச்சாத்தான போவ? நீ போற வண்டிக்கு நானே அச்சாணியப் புடுங்குவேனா? கோவத்துல பேசுனியே, புத்தியோட யோசிச்சியா? நல்ல நாளும் அதுவுமா எம் புள்ள மேல மண்ண வாரிப் போட்டியே!"

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூக்கம்மாளுக்குக் கை மட்டும்தான் நகர்ந்தது. உள்ளே ஏதோ நின்றுவிட்டது. ரோஜா சொல்வதில் பொய் இல்லை. விரோதிதான், ஆனால் இந்த விஷயத்தில் விரோதிக்குத்தான் அவள் போவதில் லாபம். அப்படியானால் அவள் போகக்கூடாது என்று நினைக்கிறவர் யார்? ரமேஷ்பாபுவாக இருக்குமோ? பாயசத்தை வழித்தவனுக்கு அவ்வளவு அக்கறை எங்கிருந்து வரும்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

"மகா எழுதுனாளா?" என்று கேட்டாள்.

"எழுதுனா. அரிசியில வெரலப் பிடிச்சு எழுத வச்சாங்க. பாதியில அழுதா."

மூக்கம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. ரோஜாவும் அதற்குக் காத்திருக்கவில்லை.

நாலே முக்காலுக்கு அறுபதாவது பையின் வாயில் கயிறு கோத்து முடிந்தார்கள். ரோஜா வலது கையை உதறிக்கொண்டாள். உள்ளங்கை சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது. இருநூறு பையையும் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டினாள் மூக்கம்மாள். யூதத் தெரு நடந்தே போகிற தூரம்தான். தலையில் வைத்துக்கொண்டு ஓடினால் ஐந்து மணிக்குள் போய்விடலாம்.

"அந்தச் சும்மாட்ட எடு."

ரோஜா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா இம்புட்டுக் கனம் கனக்குது?"

மூக்கம்மாள் அதைத் தலையில் வைத்தாள். துணி மெத்தென்று இல்லை. உச்சந்தலையில் கட்டியாக அழுத்தியது. அதோடு ஒரு வாசனை வந்தது. வேர்வை வாசனை இல்லை, சந்தன வாசனை.

இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். துண்டு ஒரு சுற்று பிரிந்தது, இரண்டு சுற்று பிரிந்தது. உள்ளே வளையத்துக்குள் வளையமாக அவளுடைய பெல்ட் இருந்தது. காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அப்படியே ஒட்டியிருந்தன. போன வருஷம் கொக்கி உடைந்தபோது அவளே செம்புக் கம்பியால் கட்டிய கட்டும் இருந்தது.

ரோஜா அதைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாளைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் சிரிக்கவில்லை, மெதுவாகத் திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இடப்பள்ளி வரை இது தோளில் வந்திருக்கிறது. 'இன்னொரு கடை பாப்போம்' என்று இழுத்துக்கொண்டு அலைந்தபோது தோளில் இருந்திருக்கிறது. அவள் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு காயல் தெரிகிற ஜன்னலைப் பற்றிச் சொன்னபோது, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியிருக்கிறது.

தம்பியை விட்டுப் பிரிய அவருக்கு மனசில்லை. ஒன்பது வயதுப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். அது அவளுக்குத் தெரியாததா? போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், கடைசியில் இருந்தும் தொலைத்திருப்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மனமில்லாமல், 'சரி' என்று சொல்லிவிட்டு, சாமிக்கு முன்னால் வைத்ததைத் திருடி, அவளை ஊர் முன்னால் பேய் மாதிரி ஆட விட்டு, குழந்தை மேல் மண் போட வைத்து, அத்தனையையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து "அழாத மூக்கு" என்றிருக்கிறார்.

ஓணத்தன்று ரோஜா சொன்னது வார்த்தைதான். இது வார்த்தையில் சேராது.

மூக்கம்மாள் அழவில்லை. பழைய பெல்ட்டைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு ஜாண் குறைவாக வெட்டிய புதுப் பெல்ட்டை எடுத்து, அதே மாதிரி வளையமாக்கி, துண்டுக்குள் வைத்துச் சுருட்டினாள். அதே முடிச்சைப் போட்டு, அதே ஆணியில் மாட்டினாள்.

"மாமா வந்தா என்ன சொல்ல?" என்றாள் ரோஜா, திரும்பாமல்.

"ஒண்ணும் சொல்லாத. அதிதி கடைக்குப் போயிருக்கேன்னு மட்டும் சொல்லு."

சேலை முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. அதிதி பைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி இழுத்துப் பார்த்தாள். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. "சூப்பர் சேச்சி" என்றாள். பிறகு மேலே கூட்டிக்கொண்டு போய் அறையைத் திறந்து காட்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரு மர அலமாரி, ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு பக்கம் காயல் தெரிந்தது. குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரு தெரிந்தது.

"எத்ர ஆளாணு சேச்சி தாமசம்?" என்று, குடியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் எனக் கேட்டாள் அதிதி.

"ஒராளு."

"ரெண்டாளுன்னல்லே அன்னு பறஞ்ஞது?"

"அது அன்னைக்கு."

அதிதி ஏதோ கேட்க வாயெடுத்து, மூக்கம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள். சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மெஷின் எப்போது வரும், அந்த இரும்பு ஸ்டாண்டை இந்த மரப்படியில் ஏற்ற ஆள் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள்.

மூக்கம்மாள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மாலை வெயிலில் தெருவோடு ராமர் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கடையாக எட்டி எட்டிப் பார்த்து, அவளைத் தேடிக்கொண்டு வந்தார். தோளில் சும்மாடு கிடந்தது. கனம் குறையாமல் இருந்ததால் அவர் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை போலும்.

அதிதி அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"ஆளு இருக்கும்மா. தோ, தோள்ல சும்மாடு போட்டுக்கிட்டு வாராரே, அந்தச் சுமட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் மூக்கம்மாள். "என்ன கூலி கேக்காருன்னு கேளுங்க. நான் குடுத்துருதேன்."